பற்றரியில் வெடிக்கும் துவக்கும் கயிற்றில் வெடிக்கும் துவக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. வயல் செய்பவர்களும், வயலுக்குப் போய்வரும் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறோம்.

எங்கள் மாணவர்களின் கைபேசிகளில் அமெரிக்க வேட்டை வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. அதில் ஒன்று பற்றரியில் சுடும் இடியன் துவக்கு. குழல்வாய் வழியாக மருந்தைப் போட்டு, குண்டைத் தள்ளி, கம்பியால் இடித்து இறுக்குகிறார்கள். அதுவரை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அறிந்த அதே இடியன்தான். ஆனால் அடிக்கிற சுத்தியல் இல்லை, கேப் இல்லை. துவக்குக்குள் ஒரு 9 வோல்ட் பற்றரி இருக்கிறது. விசையை அழுத்தினால் உள்ளே மின்பொறி பாய்ந்து மருந்து பற்றிக்கொள்கிறது. சீ.வீ.ஏ. என்ற அமெரிக்கக் கம்பனி 2007ஆம் ஆண்டளவில் "எலெக்ட்ரா" என்ற பெயரில் இதைச் சந்தைக்கு விட்டது. அதிக காலம் நின்றுபிடிக்கவில்லை, தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். வீடியோவுக்கு வயதில்லை அல்லவா, எங்கள் பிள்ளைகளுக்கு அது இன்று வந்த புதினம்.

பிள்ளைகள் இதைப் பார்ப்பதில் எங்களுக்குக் குறையில்லை. பௌதிகவியல் படிக்கிறவன் மின்பொறியைப் பார்த்து ஆச்சரியப்படத்தான் வேண்டும். எங்களை எழுத வைத்தது அதற்குப் பிறகு வந்த ஒரு கேள்வி. அதற்கு வருமுன் அமெரிக்காவில் இந்தத் துவக்கைச் சுற்றி நடந்த ஒரு வாக்குவாதத்தைச் சொல்லியாக வேண்டும். அது எங்களுக்கும் பாடம்.

துவக்கின் வரலாறு பெரும்பாலும் மருந்துக்கு நெருப்பு வைப்பது எப்படி என்பதன் வரலாறுதான். முதலில் புகைந்துகொண்டிருக்கும் திரி. பிறகு சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் கல் இரும்புத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும், வெளியே இருக்கும் சிறு கிண்ணத்து மருந்து பற்றும், அந்த நெருப்பு ஒரு துளை வழியே உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். மழை பெய்தால் கிண்ணம் நனைந்துவிடும், துவக்கு வெறும் தடிதான். ஸ்கொட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்றொரு பாதிரியார் இருந்தார், பறவை வேட்டையில் பைத்தியம். கிண்ணத்தில் எழும் பளிச்சென்ற ஒளியைக் கண்டு, குண்டு வருமுன்பே பறவைகள் பறந்துவிடுகின்றன என்பது அவருடைய மனக்குறை. அடித்தால் வெடிக்கும் இரசாயனத்தை வைத்து அதற்கொரு வழி கண்டு 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் வந்த கேப்புக்கு அதுதான் மூலம். குருவி தப்பிவிடுகிறதே என்ற கவலையில் பிறந்த யோசனை உலகத்துப் படைகளையெல்லாம் மாற்றிவிட்டது.

அமெரிக்காவில் இன்று நவீன ரைபிள் வாங்குவது கஷ்டமான காரியமில்லை. பிறகு ஏன் இடியன்? அங்கே பல மாநிலங்களில் இடியன் துவக்குக்கென்றே தனி வேட்டைக்காலம் இருக்கிறது. பென்சில்வேனியா 1974இல் சக்கிமுக்கித் துவக்குக்கென்று மான் வேட்டைக்காலம் ஒன்றைத் தொடங்கியது. காரணம் நியாயமானது. இந்தத் துவக்கில் ஒரு வெடிதான். மறுபடி மருந்து போட்டு இடிப்பதற்குள் மான் அடுத்த மலைக்குப் போய்விடும். கிட்டப்போய்ச் சுட வேண்டும், மழைக்குப் பயப்பட வேண்டும். இவ்வளவு சிரமத்தைத் தானாக ஏற்றுக்கொள்பவனுக்கு, காட்டில் நெரிசல் இல்லாத தனி நாட்களைக் கொடுக்கிறார்கள்.

சலுகை வந்த இடத்தில் தந்திரமும் வரும் என்பது மனித சுபாவம். 1985இல் டோனி நைட் என்பவர் நெருப்பு நேர்க்கோட்டில் உள்ளே போகும் புதுமாதிரி இடியனைக் கொண்டுவந்தார். அதன் பிறகு தூரக் கண்ணாடி வந்தது, தூளுக்குப் பதில் வில்லையாகச் செய்த மருந்து வந்தது, கடைசியாகப் பற்றரியும் வந்தது. வாயால் மருந்து போடுவது ஒன்றைத் தவிரப் பழையது எதுவும் மிச்சமில்லை. கொலராடோ மாநிலம் இடியன் வேட்டைக்காலத்தில் துவக்கில் பற்றரியோ மின்னணுச் சாதனமோ எதுவும் இணைக்கக் கூடாது என்று விதி போட்டது. மொன்டானா 2021இல் புதிதாக ஒரு வேட்டைக்காலத்தை உண்டாக்கியபோது பழைய முறை நெருப்பு, சாதாரண ஈயக் குண்டு என்று எல்லாவற்றையும் எழுதியே வைத்துவிட்டது. வேறு மாநிலங்கள் இவ்வளவு இறுக்கமில்லை.

பற்றரிக்காகப் பேசுபவர்களின் நியாயத்தையும் கேட்க வேண்டும். கேப் நனைந்து வெடிக்காமல் போவது, அரை விநாடி பிந்தி வெடிப்பது, அதற்குள் கை அசைந்து குண்டு வயிற்றில் படுவது எல்லாம் நடக்கிற காரியங்கள். காயத்தோடு ஓடிய மான் நாட்கணக்கில் கிடந்து சாகும். மின்பொறி பிந்தாது, ஆகவே அது மிருகத்துக்குச் செய்யும் இரக்கம் என்கிறார்கள். இது லேசாகத் தள்ளக்கூடிய வாதமல்ல. அறுக்கிற கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொல்லிப் பழக்கப்பட்ட சமூகம் நாங்கள்.

ஆனாலும் எங்கள் தீர்ப்பு கொலராடோவின் பக்கம்தான். கணிப்பொறி கொண்டுபோகக் கூடாத கணிதப் பரீட்சைக்கு, அப்படியொரு பரீட்சை என்பதற்காகவே மேலதிக நேரம் தருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை கணிப்பொறியையும் கொண்டுவந்து, மேலதிக நேரத்தையும் கேட்டு, "இதில் விடை பிழைக்காது சேர்" என்றால் என்ன சொல்வோம்? விடை பிழைக்காதுதான். அந்த நேரம் அதற்காகத் தந்ததல்ல. பற்றரித் துவக்கு நல்ல துவக்காக இருக்கலாம், அப்படியென்றால் நல்ல துவக்குகளுக்குரிய காலத்தில் போய்ச் சுடட்டும்.

இந்த வாக்குவாதத்தில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இரு தரப்பாரும் ஒன்றைக் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கல்லோ கேப்போ பற்றரியோ, துவக்குக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான். அவன் மிருகத்தைக் கண்ணால் காண்கிறான், ஆணா பெண்ணா, குட்டி கூட நிற்கிறதா, பின்னால் ஆள் வருகிறதா என்று பார்க்கிறான், பிறகுதான் விரல் அசைகிறது.

அந்த மனிதனை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அமெரிக்கா ஒருமுறை பார்த்தது. 2005இல் டெக்சாஸில் ஒருவர் பண்ணையில் ரைபிளைப் பொருத்தி, அதைக் கணினியோடு இணைத்து, வீட்டில் இருந்தபடி இணையத்தில் குறிபார்த்துச் சுட வழி செய்தார். வேட்டைக்காரர் சங்கங்களே கொதித்தன. டெக்சாஸ் தடை செய்தது, அடுத்தடுத்து நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் தடை செய்தன. துவக்கை இவ்வளவு நேசிக்கும் ஒரு தேசம், சுடுபவன் அந்த இடத்தில் இல்லாத துவக்கை அருவருத்துத் தள்ளியது.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1968இலிருந்து இடியனைப் பெரும்பாலும் பழம்பொருளாகவே கணிக்கிறது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். எங்கள் காடோர ஊர்களில் இருக்கும் இடியன்களில் எத்தனைக்குப் பத்திரம் இருக்கிறது என்பதை வாசிப்பவர்களின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறோம். இந்தத் தீவில் துவக்குச் செய்யும் கைவினை பழையது. கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் நெருப்புப் பொறியை இடப்பக்கம் வைத்துச் செய்த துவக்குகள் இன்றும் வெளிநாட்டு நூதனசாலைகளில் இருக்கின்றன. அந்தக் கைவினையின் கடைசிக் கொழுந்து இன்று தண்ணீர்க் குழாயில் செய்த இடியனாக வயலோரப் பற்றைக்குள் கிடக்கிறது.

வெறுமனே கிடக்கவில்லை. கட்டப்பட்டுக் கிடக்கிறது. மருந்து போட்டு, இரும்புத்துண்டும் சன்னமும் போட்டு, தும்பு வைத்து இடித்து, இரண்டு கவட்டுக் கம்பில் படுக்கவைத்து, விசையிலிருந்து ஒரு கயிற்றைப் பன்றி வரும் பாதைக்குக் குறுக்கே இழுத்துவிட்டு, கட்டியவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். இதுதான் கட்டுத்துவக்கு. டெக்சாஸ்காரராவது கமரா வைத்துப் பார்த்துச் சுட வழிசெய்தார். கட்டுத்துவக்குக்கு அதுவும் கிடையாது.

பன்றியின் உயரத்துக்குக் கட்டுவது மனிதனுக்கு முழங்காலுக்குக் கீழே. விறகுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர், தேன் எடுக்கப் போனவர், தண்ணீர் திருப்ப விடியற்காலையில் வரம்பில் நடந்தவர் என்று கட்டுத்துவக்கில் அகப்பட்டவர்களின் செய்தி வராத போகம் இருக்கிறதா? எலும்பு சிதறுவது ஒரு பக்கம். சன்னத்தோடு சேர்ந்து தும்பும் துணியும் மண்ணும் காயத்துக்குள் போய்விடும், சத்திரசிகிச்சை வைத்தியர் அதைத் துப்பரவாக்கியே களைத்துப்போவார். துவக்கே சட்டவிரோதம் என்பதால் காயப்பட்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப் பயந்து, மரம் விழுந்தது, கத்தி பட்டது என்று கதை சொல்லி நேரத்தைக் கடத்துபவர்களும் உண்டு. சில வேளை கட்டியவரே மறந்துபோய்த் தன் கயிற்றில் தானே தடக்கிவிடுகிறார்.

மிருகங்களின் கணக்கும் இருக்கிறது. பன்றிக்குக் கட்டியது மரைக்கும் வெடிக்கும், சிறுத்தைக்கும் வெடிக்கும், யானைக்கன்றின் காலிலும் படும். ஆள் இல்லாத பொறி எதுவும் இப்படித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியில் கழுத்து மாட்டிப் பிடிபட்டது. இந்த நாட்டில் கருஞ்சிறுத்தை காணக்கிடைப்பதே அபூர்வம். உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தும் சில நாட்களில் செத்துப்போனது. கண்ணி வைத்தவர் சிறுத்தைக்கு வைத்திருக்க மாட்டார். (எங்கள் பக்கத்திலும் எல்லாத் துவக்கும் பன்றிக்குத்தான் கட்டப்படுகிறது. பிறகு மரை இறைச்சி மட்டும் இரவில் எந்த வழியாக ஊருக்குள் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. எப்போது செத்தது, எப்படிச் செத்தது, யார் பெயர் சொன்னது என்று வாங்கிச் சாப்பிடுபவர்களும் கேட்பதில்லை.)

இப்போது அந்தக் கேள்வி. உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் கெட்டிக்கார மாணவன் ஒருவன், வீடியோவைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தான். "சேர், கயித்துக்குப் பதிலா சென்சர் வெச்சா? பண்டி வந்தா மட்டும் வெடிக்கிற மாதிரி?" அவன் கெட்ட பிள்ளை இல்லை. வாப்பாவின் இரண்டு ஏக்கரில் பன்றி புரண்ட கோலத்தைப் பார்த்து வளர்ந்தவன். கடனுக்கு உரம் எடுத்து, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரே இரவில் கால்வாசி வயல் போனால் அந்த வீட்டில் சோறு எப்படி இறங்கும் என்பது அவனுக்குத் தெரியும். படித்த படிப்பால் வாப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறான். எந்த ஆசிரியரும் சந்தோஷப்பட வேண்டிய நினைப்பு அது.

ஆனால் சந்தைக்கு மலிவாக வரும் அந்தச் சென்சருக்குத் தெரிவது சூடும் அசைவும்தான். பன்றிக்கும் சூடு உண்டு, வரம்பில் நடக்கும் மனிதருக்கும் சூடு உண்டு. அவனுடைய வாப்பாவுக்கும்தான். சென்சர் பன்றியைப் பிரித்தறியும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், பன்றிக்குப் பின்னால் ஆள் நிற்கிறாரா என்பதை அது பார்க்காது. கயிறாவது பகலில் கண்ணுக்குத் தெரியும், தெரிந்தவன் தாண்டிப் போவான். சென்சரின் பார்வை யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் பற்றரி வந்ததால் வேட்டைக்காரனுக்கு வேலை கொஞ்சம் லேசானது, அவ்வளவுதான். எங்கள் வயலில் பற்றரி வந்தால் அது போய்ச் சேரும் இடம் கட்டுத்துவக்கு. அதனால்தான் அந்த வீடியோவைச் சும்மா பொழுதுபோக்கு என்று எங்களால் விட முடியவில்லை.

மின்சாரம் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டு இணைப்பிலிருந்து வெறும் கம்பியை இழுத்து வயலைச் சுற்றிக் கட்டுகிறார்கள். 2023ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்த நாட்டில் 450க்கும் அதிகமான யானைகள் செத்தன. துவக்குச் சூடு, தீனிக்குள் வைக்கும் வெடி, இப்படி இழுத்த மின்கம்பி, ரயில் என்று காரணங்கள் பல. அதே கம்பியில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள், அவர்களில் கம்பி இழுத்த வீட்டுக்காரர்களும் உண்டு.

மார்க்கத்தின் பக்கத்தை மௌலவிமார் எங்களைவிட விளக்கமாகச் சொல்வார்கள். பொதுவழியில் ஒருவர் கிணறு தோண்டி, அதில் இன்னொருவர் விழுந்து இறந்தால், தோண்டியவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் பொறுப்பு அவர் பக்கம் வரும் என்பது பிக்ஹ் படித்தவர்களுக்குத் தெரிந்த மஸ்அலா. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று கற்ற உம்மத், பாதைக்குக் குறுக்கே துவக்கைக் கட்டிவிட்டு சுபஹ் தொழப் போவது எப்படி? "நம்மட காணிக்குள்ளதானே கட்டினோம்" என்பார்கள். வரம்பு யாருடைய காணி? பன்றி வரும் பாதையில்தான் பக்கத்துக் காணிக்காரரும் வருகிறார். ஜும்ஆ குத்பாவில் வட்டியையும் போதைப்பொருளையும் பேசுவது போல வருடத்துக்கு ஒருமுறையாவது கட்டுத்துவக்கைப் பேசினால் என்ன?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "சேருக்கு மாதம் முடிய சம்பளம் வருது, பன்றிக்கு யார் பதில் சொல்றது?" கேட்க வேண்டிய கேள்விதான். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிடம் நாடு முழுக்க குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் எண்ணச் சொன்னார்கள். சிரித்தவர்கள் பலர். எண்ணியதில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வனவிலங்கால் விவசாயி அழிகிறான் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட நாள் அது. அந்த ஒப்புதலுக்குப் பின்னால் வயலுக்கு என்ன வந்து சேர்ந்தது என்று கேட்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. யானை வெடிக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்புபவனிடம் சட்டம் பேசிவிட்டு நாங்களும் போய்விட முடியாது.

பன்றிக்கு முழுமையான மருந்து என்று எதுவும் எங்களிடம் இல்லை. ஆனால் சூரிய சக்தியில் ஓடும் வேலி துடிப்புத் துடிப்பாகத்தான் மின்சாரம் தரும், தொட்டவரைத் தூக்கிப்போடும், கொல்லாது. வீட்டுக் கம்பிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கும். போகம் தொடங்கும்போது கண்டத்தைச் சுற்றி வேலி போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கும் முறையை வடமேல் மாகாணத்தில் விவசாயிகளே பொறுப்பெடுத்து நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 2020இல் தயாரான மனித–யானை மோதல் தேசியத் திட்டமும் அதைத்தான் முன்னே வைத்தது. அது யானைக்கான வேலி. கீழே இரண்டு கம்பி கூடுதலாக இழுத்தால் பன்றிக்கும் உதவும். தனியொருவரால் முடியாது, கண்டம் முழுக்கச் சேர்ந்தால் ஏக்கருக்கு விழும் செலவு தாங்கக்கூடியது. பிறகு பழைய காவல். பரணில் ஆள் இருந்த காலத்தில் பன்றி இல்லாமல் போகவில்லை, ஆனால் வயல் இப்படிப் போகவுமில்லை. இன்று வாடியில் இரவு தங்க ஆளில்லை, காவல்காரருக்குக் கொடுக்கக் காசில்லை. அந்த இடத்தில்தான் துவக்கைக் கட்டிவிட்டோம்.

அந்த மாணவனிடம் சென்சரை விடச் சொல்லவில்லை. துவக்கை விடச் சொன்னோம். அதே சென்சர் வெளிச்சத்தைப் போடட்டும், சைரனை அடிக்கட்டும், வாடியில் படுத்திருப்பவரின் கைபேசிக்கு அழைப்பு விடட்டும். பன்றி சில நாளில் சத்தத்துக்குப் பழகிவிடும் என்று அவனே சொன்னான், அது சரிதான். அப்படியென்றால் பழகாமல் இருக்கச் சத்தத்தையும் இடத்தையும் எப்படி மாற்றுவது என்பதுதான் அவனுடைய செயற்றிட்டம். ஓட்டுக்கேட்டு வரும் அரசியல்வாதிகளும், பரிசளிப்பு விழாவில் பொன்னாடை போடும் தனவந்தர்களும் இப்படிப் பத்துப் பிள்ளைகளுக்குப் பாகங்கள் வாங்கிக் கொடுத்தால் போதும், பொன்னாடை வேண்டாம்.

விவசாய அமைப்புத் தலைவர்களுக்கும் வட்டவிதானைமாருக்கும் ஒரு வேண்டுகோள். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதி, தண்ணீர் முறை, மாடுகளை அப்புறப்படுத்தும் திகதி எல்லாம் தீர்மானித்து எழுதுகிறீர்கள். இம்முறை இன்னும் இரண்டு வரி சேருங்கள். கண்டத்துக்குள் கட்டுத்துவக்கும் வீட்டு மின்கம்பியும் இல்லை என்பது ஒன்று. வேலிக்கும் காவலுக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்பது மற்றது. முதல் வரியை எழுதிவிட்டு இரண்டாவதை எழுதாமல் விட்டால் முதல் வரியை யாரும் மதிக்க மாட்டார்கள். கூட்டத்தில் பேச எங்களில் யாராவது வர வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாடசாலை விட்ட பிறகு எந்த நாளும் வருவோம்.